அமிலமும் எரிகாரமும்: வார்த்தைச் சமன்பாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் அறை, களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் சிலர் எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத்திலிருந்து, கேரளப் பாடப்புத்தகத்தோடு வருபவர்கள். அமிலப் பாடம் தொடங்கிவிட்டால் ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள், ஏறக்குறைய அதே வரிசையில் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் விடைகளை அவற்றின் கீழே தந்திருக்கிறேன்.

வார்த்தைச் சமன்பாடுன்னா என்ன டீச்சர்? நேரா ஃபார்முலா எழுதினா போதாதா?

வினை நடப்பதற்கு முன் இருந்த பொருள்களின் பெயர்களை இடப்புறத்திலும், நடந்து முடிந்தபின் கிடைத்த பொருள்களின் பெயர்களை வலப்புறத்திலும் எழுதி, நடுவில் ஓர் அம்புக்குறி இடுவதே வார்த்தைச் சமன்பாடு. அம்புக்குறியைத் "தருகிறது" என்று வாசிக்க வேண்டும். அந்த இடத்தில் கணக்கில் வரும் சமக்குறியை இடக்கூடாது; ஏனெனில் இடப்புறத்துப் பொருளும் வலப்புறத்துப் பொருளும் ஒன்றல்ல, ஒன்று மாறி மற்றொன்றாகியிருக்கிறது.

எது உள்ளே போனது, எது வெளியே வந்தது என்பது தெளிவாகாமல் ஃபார்முலாவுக்குத் தாவுகிறவர்கள், எண்களையெல்லாம் அழகாகச் சமன் செய்துவிட்டு, உண்டாகாத ஒரு பொருளை வலப்புறத்தில் எழுதி வைப்பதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். வார்த்தைச் சமன்பாட்டில் எண்கள் வரக்கூடாது என்பதையும் நினைவில் கொள்ளவும். "2 ஹைட்ரோகுளோரிக் அமிலம்" என்று எழுதினால் தவறு.

காரம்னா மிளகாய்க் காரம் தானே?

இல்லை. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். அது நாவின் நரம்புகளைத் தூண்டுகிறது. வேதியியலில் சொல்லும் காரம், க்ஷாரம் என்ற சொல்லிலிருந்து வந்தது. பாறசாலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை, ஏனெனில் மலையாளத்தில் அம்லம், க்ஷாரம், லவணம் என்று மூன்றுக்கும் தனிச்சொற்கள் புழங்குகின்றன. நம் வழக்கிலும் சவுக்காரம், வெண்காரம் ஆகிய சொற்களில் ஒளிந்திருப்பது இந்தப் பழைய காரம்தான்.

ஆனால் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். சவரக்கடையில் முகத்தில் தேய்க்கும் படிகாரத்தின் பெயரிலும் காரம் இருக்கிறது. அதைக் கரைத்த நீரோ நீல லிட்மஸைச் சிவப்பாக்கும் அமிலத்தன்மை உடையது.

அப்போ காரமும் எரிகாரமும் ஒண்ணுதானா?

எரிகாரங்கள் அனைத்தும் காரங்களே. காரங்கள் அனைத்தும் எரிகாரங்கள் அல்ல. அமிலத்தோடு சேர்ந்து உப்பையும் நீரையும் தரும் உலோக ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் காரம் எனப்படும். அவற்றுள் நீரில் கரைபவற்றுக்கு மட்டுமே எரிகாரம் என்ற பெயர் பொருந்தும். தாமிர ஆக்சைடு கருந்தூளாக நீரின் அடியில் தங்கிவிடும்; ஆகவே அது காரம் மட்டுமே. சோடியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நன்றாகக் கரைகின்றன. வெற்றிலைச் சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்கும் குறைவாகத்தான் கரைகிறது. அந்தச் சிறிதளவே அதை எரிகாரமாக்கப் போதுமானது.

வீட்டுல லிட்மஸ் தாள் இல்ல. எது அமிலம், எது எரிகாரம்னு எப்படிக் கண்டுபிடிக்க?

திருமண வீட்டில் ஆரத்தி கரைப்பதைக் கவனித்திருப்பீர்கள். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்ததும் அது குங்குமச் சிவப்பாகிறது. சுண்ணாம்பு எரிகாரம் என்பதற்கு அதுவே சான்று. அதே ஆரத்தி நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு: அமிலத்திலும் அது மஞ்சள், தூய நீரிலும் அது மஞ்சள், ஆகையால் அவை இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதற்குச் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாறு அமிலத்தில் அடர்ந்த சிவப்பாகவும் எரிகாரத்தில் பச்சையாகவும் மாறும்.

உப்புன்னு பதில் எழுதினா ஏன் மார்க் குறைக்கிறாங்க? எந்த உப்புன்னு எப்படித் தெரியும்?

உப்பு என்பது ஒரு குடும்பப் பெயர். சோற்றுக்கு இடும் சோடியம் குளோரைடு அந்தக் குடும்பத்தில் ஒருவர். விடைத்தாளில் "உப்பு" என்று மட்டும் எழுதுவது, வீட்டுப் பெயரைச் சொல்லி ஆளைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

ஒவ்வோர் உப்பின் பெயரிலும் இரண்டு பாதிகள் உண்டு. முன்பாதி காரத்திலிருந்தோ உலோகத்திலிருந்தோ வருகிறது. பின்பாதி அமிலத்திலிருந்து வருகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு தன் சோடியத்தைக் கொடுக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பொட்டாசியத்தைக் கொடுக்கும். அமிலத்தின் பக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரைடையும், சல்ஃபியூரிக் அமிலம் சல்ஃபேட்டையும், நைட்ரிக் அமிலம் நைட்ரேட்டையும் கொடுக்கும். காடியில் (வினிகரில்) உள்ள அசெட்டிக் அமிலம் அசெட்டேட்டையும், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் சிட்ரேட்டையும், புளியின் டார்டாரிக் அமிலம் டார்டரேட்டையும், ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் ஃபார்மேட்டையும் தரும். இந்த ஏழு போதும். பத்தாம் வகுப்பு வரை வரும் ஏறக்குறைய எல்லா உப்புகளுக்கும் நீங்களே பெயர் வைத்துவிடலாம்.

ஒன்றைச் செய்து பார்ப்போம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நைட்ரிக் அமிலமும் சேர்கின்றன. முன்பாதி பொட்டாசியம், பின்பாதி நைட்ரேட்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு + நைட்ரிக் அமிலம் → பொட்டாசியம் நைட்ரேட் + நீர்

கிடைத்த உப்பு, பட்டாசுக்கு வெடிமருந்தாகும் அதே வெடியுப்பு. பெயரின் இரண்டு பாதிகள் எங்கிருந்து வந்தன என்பதை ஒருமுறை விரல் வைத்துக் காட்டிவிட்டால், மனப்பாடம் செய்ய எதுவும் மிச்சமில்லை.

தண்ணி எங்கேயிருந்து வருது? நாம ஊத்தின கரைசல்ல ஏற்கெனவே தண்ணி இருக்கே?

நல்ல கேள்வி. கரைசலில் ஏற்கெனவே உள்ள நீர் வினையில் பங்கேற்காமல் இடமாக மட்டும் இருக்கிறது. அதைச் சமன்பாட்டில் எழுதுவதில்லை. வலப்புறத்தில் எழுதும் நீர் புதிதாகப் பிறந்தது. அயனி என்பது மின்னேற்றம் கொண்ட அணு அல்லது அணுத்தொகுதி. அமிலம் ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது, எரிகாரம் ஹைட்ராக்சைடு அயனியைக் கொடுக்கிறது, இரண்டும் சேர்ந்து நீர் மூலக்கூறாகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரீனியஸ் 1884இல் அளித்த ஆய்வேட்டில், கரைசலில் உப்புகளும் அமிலங்களும் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்துக்கு அடித்தளம் இட்டார். 1903இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் முன்னால் லவாய்சியே, அமிலங்கள் எல்லாவற்றிலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதை 1810 வாக்கில் டேவி நிலைநாட்டிய பிறகுதான் கவனம் ஹைட்ரஜனின் பக்கம் திரும்பியது.

வலிமை மிக்க எந்த அமிலத்தையும் வலிமை மிக்க எந்த எரிகாரத்தையும் நீர்த்த கரைசல்களாகச் சேர்த்தாலும், ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) நீர் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 57 கிலோஜூல்தான். உப்பு மாறினாலும் வெப்பம் மாறாததற்குக் காரணம், உண்மையில் நடக்கும் வினை எல்லாவற்றிலும் அந்த ஒன்றே என்பதுதான்.

சமன்பாட்டில் "+ வெப்பம்" எழுதலாமா?

வெப்பம் பொருள் அன்று; வார்த்தைச் சமன்பாட்டில் அது தேவையில்லை. வினாவில் கேட்டால் மட்டும் தனி வரியில் குறிப்பிடவும்.

அமிலத்துல உலோகத்தைப் போட்டா தண்ணி வராதா?

வராது. ஹைட்ராக்சைடைக் கொடுக்க அங்கே யாரும் இல்லாததால், ஹைட்ரஜன் வாயுவாகவே வெளியேறுகிறது.

துத்தநாகம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → துத்தநாகக் குளோரைடு + ஹைட்ரஜன்

எரியும் தீக்குச்சியை அருகே கொண்டுபோனால் "பப்" என்ற ஒலியோடு எரிவது ஹைட்ரஜனுக்கு அடையாளம். தாமிரமும் வெள்ளியும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அசைந்துகொடுப்பதில்லை. நைட்ரிக் அமிலம் தாமிரத்தைக் கரைக்கும்; அங்கே ஹைட்ரஜனுக்குப் பதில் பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடும் நீரும் வரும் என்பதால், இந்த வாய்பாட்டை நைட்ரிக் அமிலத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

புளி ஊற்றிய மீன்குழம்பையும், எல்லைக்கு அப்பால் குடம்புளி போட்டு வைக்கும் கறியையும் மண்சட்டியில் வைப்பதற்குச் சுவை மட்டும் காரணமன்று. புளிப்பில் உள்ள அமிலம் அலுமினியப் பாத்திரத்தை மெல்ல அரிக்கும். அலுமினியம் எரிகாரத்துக்கும் இடம் கொடுக்கும் உலோகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை: அலுமினியம் + சோடியம் ஹைட்ராக்சைடு + நீர் → சோடியம் அலுமினேட் + ஹைட்ரஜன். இங்கே மட்டும் நீர் இடப்புறத்தில் நிற்கிறது.

சிப்பி ஓட்டுல வினிகர் ஊத்தினா நுரைக்குதே, அது ஹைட்ரஜனா?

அது கார்பன் டைஆக்சைடு. சிப்பி ஓடும் முட்டை ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கார்பனேட்டுகள் அமிலத்தைச் சந்திக்கும்போது வலப்புறத்தில் மூன்று பெயர்கள் வர வேண்டும். மூன்றாவதை மறப்பதுதான் வழக்கமான பிழை.

கால்சியம் கார்பனேட் + அசெட்டிக் அமிலம் → கால்சியம் அசெட்டேட் + நீர் + கார்பன் டைஆக்சைடு

ஆப்பச் சோடாவில் (சோடியம் பைகார்பனேட்) எலுமிச்சை பிழிந்தால் பொங்குவதும் இதே வகையே. உப்பின் பெயரை மேலே சொன்ன முறையில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

அதே சிப்பியைச் சூளையில் நீற்றினால் கதை வேறு. கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு. அந்தச் சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் கொதித்துப் பொரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடாகிறது. மலையாளத்தில் கும்மாயம் என்று சொல்லிச் சுவருக்குப் பூசுவதும் இதுவே. பூசிய பிறகு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல எடுத்துக்கொண்டு அது மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சிப்பியாக இருந்தது சுவரில் சிப்பியின் பொருளாகவே திரும்பி வந்து நிற்பதைச் சொன்னால், பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ரப்பர் பால்ல அம்மோனியா விடுறாங்க, பிறகு பார்மிக் ஆசிட் ஊத்துறாங்க. அம்மோனியா எரிகாரம்தானே, அப்போ உப்பும் தண்ணியும் வருமா?

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரிய கேள்வி இது. வெட்டிய பால் நிறைதொட்டிக்கு வந்து சேருமுன் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். பிறகு ஷீட் அடிக்க ஃபார்மிக் அமிலத்தை நீர்க்கச் செய்து ஊற்றும்போது, அதன் ஒரு பகுதியை அம்மோனியா பிடித்துக்கொள்கிறது.

அம்மோனியா + ஃபார்மிக் அமிலம் → அம்மோனியம் ஃபார்மேட்

வலப்புறத்தில் உப்பு மட்டுமே இருக்கிறது, நீர் இல்லை. அம்மோனியாவுக்குள் ஹைட்ராக்சைடு கிடையாது. அது அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியை அப்படியே தன்மேல் ஏற்றுக்கொண்டு அம்மோனியம் ஆகிறது. சில புத்தகங்களில் நீரில் கரைந்த அம்மோனியாவை "அம்மோனியம் ஹைட்ராக்சைடு" என்று எழுதும் பழைய வழக்கம் இருக்கிறது. இடப்புறத்தில் அந்தப் பெயரை எழுதினால் வலப்புறத்தில் நீரையும் எழுத வேண்டும். அம்மோனியா என்று எழுதினால் நீர் கூடாது. இரண்டையும் கலந்து எழுதுவதுதான் பிழை. அம்மோனியா கூடுதலாக விட்ட பாலுக்கு ஆசிட்டும் கூடுதலாகத் தேவைப்படுவதன் காரணத்தை இந்தச் சமன்பாடே சொல்லிவிடுகிறது.

அப்போ பால் உறையுறதும் நடுநிலையாக்கல்தானா?

அன்று. அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றன் தன்மையை மற்றொன்று போக்கி உப்பைத் தருவதே நடுநிலையாக்கல். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிப் பாலில் மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தை நீக்கிவிடுகிறது. பிஎச் மதிப்பு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே எரிகாரம் என்று காட்டும் அளவு) 5க்குச் சற்றுக் கீழே இறங்கும்போது துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ரப்பர் புதிய பொருளாக மாறவில்லை. ஆகவே "ரப்பர் பால் + ஃபார்மிக் அமிலம் → ரப்பர் ஷீட்" என்பது வார்த்தைச் சமன்பாடு ஆகாது. அது ஒரு செய்முறைக் குறிப்பு. அமிலம் ஊற்றாமல் விட்ட பாலும் உறைகிறதே என்றால், பாக்டீரியாக்கள் அதற்குள்ளேயே அமிலத்தை உண்டாக்குகின்றன. பால் தயிராவதைப் போன்றதே அது.

அக்கானிக் கலயத்துல சுண்ணாம்பு தடவுறதுக்குச் சமன்பாடு எழுத முடியுமா?

பகுதி மட்டுமே முடியும். மற்ற ஊர்களில் பதநீர் எனப்படும் அக்கானி, சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் விரைவில் கள்ளாகப் புளிக்கும். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றும். மேலும் விட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் எத்தனாலை அசெட்டிக் அமிலமாக்கும். சுண்ணாம்பின் முதன்மையான வேலை, சாற்றை எரிகாரத்தன்மையில் வைத்து இந்த நுண்ணுயிர்களைத் தடுப்பது. அதற்குச் சமன்பாடு கிடையாது. தப்பித்தவறி உண்டாகும் அமிலத்துக்கு மட்டும் எழுதலாம்: கால்சியம் ஹைட்ராக்சைடு + அசெட்டிக் அமிலம் → கால்சியம் அசெட்டேட் + நீர்.

ஒரே அமிலமும் ஒரே எரிகாரமும் ரெண்டு வேற உப்பு தருமா?

தரும். சல்ஃபியூரிக் அமிலத்திடம் கொடுப்பதற்கு இரண்டு ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு போதுமான அளவு இருந்தால் இரண்டும் போய், சோடியம் சல்ஃபேட் கிடைக்கும். எரிகாரம் பாதியளவே இருந்தால் ஒன்று மட்டும் போய், சோடியம் ஹைட்ரஜன் சல்ஃபேட் என்ற உப்பு உண்டாகும். அதன் கரைசல் அப்போதும் அமிலத்தன்மையோடுதான் இருக்கும். வினாவில் அளவு குறிப்பிடப்படாவிட்டால் சோடியம் சல்ஃபேட் என்று எழுதுவதே மரபு.

சரியா நடுநிலையாக்கினா பிஎச் 7 தானே வரணும்?

இரண்டு பக்கமும் வலிமையாக இருந்தால் வரும். காடியையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் மிகச் சரியான அளவில் சேர்த்தால் கிடைக்கும் சோடியம் அசெட்டேட் கரைசல், சற்றே எரிகாரத்தன்மையோடு 7க்கு மேல் நிற்கும். அசெட்டிக் அமிலம் வலிமை குறைந்தது என்பதால் அசெட்டேட் அயனி நீரிடமிருந்து சிறிது ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. அம்மோனியம் குளோரைடு இதற்கு மாறாக 7க்குக் கீழே நிற்கும். படிகாரத்தின் புளிப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. வார்த்தைச் சமன்பாடு இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதை அதன் குறையாகக் கொள்ள வேண்டாம், அதனிடம் நாம் கேட்கும் கேள்வி வேறு.

சுண்ணாம்புக்கல்லுல சல்ஃபியூரிக் அமிலம் ஊத்தினா நுரை கொஞ்ச நேரத்துல நின்னுடுது. அமிலம் தீர்ந்துபோச்சா?

தீரவில்லை. சமன்பாடு சரியாகவே இருக்கிறது: கால்சியம் சல்ஃபேட், நீர், கார்பன் டைஆக்சைடு. ஆனால் கால்சியம் சல்ஃபேட் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அது கல்லின் மேல் தோல்போலப் படிந்து, அமிலம் உள்ளே போக முடியாமல் தடுத்துவிடுகிறது. ஆய்வகத்தில் கார்பன் டைஆக்சைடு தயாரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுப்பது இதனால்தான். கால்சியம் குளோரைடு நன்றாகக் கரைந்து வழிவிடும்.

கையில ஆசிட் பட்டா சுண்ணாம்பு தடவலாமா? அதுதானே நடுநிலையாக்கும்?

கூடாது. முன்பு சொன்ன வெப்பம் இப்போது தோலின் மேலேயே வெளிப்படும். அளவு மிஞ்சினால் எரிகாரமும் தன் பங்குக்குத் தோலை அரிக்கும். ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரப்பர் தோட்டங்களுக்கு வாங்கும் ஃபார்மிக் அமிலம் பெரும்பாலும் 85 சதவீத அடர்த்தி உள்ளது; "எறும்பின் அமிலம்தானே" என்று எண்ணி வெறுங்கையால் அளக்க வேண்டாம். நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது.

பாத்ரூம் கழுவுற ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்தா ஒண்ணையொண்ணு நடுநிலையாக்கிடுமா?

ப்ளீச்சிங் பவுடர் காரத்தன்மை உடையது என்று தெரிந்தவுடன் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. வாய்பாட்டைப் பயன்படுத்தக் கூடாத இடமும் இதுதான். ப்ளீச்சிங் பவுடரின் தூய்மையாக்கும் பகுதி ஹைப்போகுளோரைட்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சந்தித்தால்:

கால்சியம் ஹைப்போகுளோரைட்டு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + குளோரின்

உப்பும் நீரும் எதிர்பார்த்தபடியே இருக்கின்றன. மூன்றாவதாக வருவது மூச்சுக்குழலை அரிக்கும் நச்சுவாயு. கதவு அடைத்த குளியலறையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒருபோதும் ஊற்ற வேண்டாம். தெரியாமல் ஊற்றிவிட்டால், கழுவி முடிக்க நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.